நிறத்தை நிறுக்கும் கருவி



காலையில் இறங்கிய காபி டிகாஷனைப் பார்த்த மாத்திரத்திலேயே அது திடமாக இருக்கிறதா, நீர்த்துப் போயிருக்கிறதா என்பதை நம் வீடுகளில் சொல்லிவிடுகிறார்கள். மஞ்சள் தூளை உள்ளங்கையில் இட்டுப் பார்த்து அதன் தரத்தைக் கூறுவோர் உண்டு. வெண்ணெய் உருகி நெய்யாகும் பதத்தை அதன் நிறத்தைக் கொண்டே அறிவோர் உண்டு. பொற்கொல்லரோ உரைகல்லில் இழுத்த கோட்டின் நிறத்தைக் கண்டு பொன்னின் மாற்றை மதிப்பிடுகிறார். ஆகவே, நிறத்தைக் கொண்டு பொருளின் தன்மையையும் அளவையும் அறிவது நமக்குப் புதிய கலையன்று. இந்தப் பழைய கலைக்கு எண்ணும் அளவும் கொடுத்து, கண்ணுக்கு எட்டாத ஒளிக்கும் அதனை விரிவாக்கிய ஒரு கருவியைப் பற்றியே இன்று பேசப்போகிறோம். புற ஊதா, கட்புல ஒளி நிறமாலைமானி என்பது அதன் முழுப் பெயர். சோதனைச்சாலைகளில் வேலை செய்வோர் அதனைச் சுருக்கமாக ‘யூவி’ என்றே அழைப்பர்.

ஊர் மாறினால் தண்ணீர் மாறும் என்பது தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறிய நம் அனைவருக்கும் அனுபவத்தில் தெரிந்த செய்தி. புதிய ஊரில் வீடு பார்க்கும்போது, ‘தண்ணீர் எப்படி?’ என்பதே நாம் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று. அந்த நீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்திற்கு நேரே தூக்கிப் பார்க்கிறோம். தெளிவாக இருந்தால் மனம் நிறைவு கொள்கிறது. அவ்வாறே, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அறிமுகமில்லாத கடையில் மாத்திரை வாங்குகிறோம். அது வெள்ளையாக, உடையாமல், உறைக்குள் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் தெளிந்த நீரில் தீங்கு உண்டா, வெள்ளை மாத்திரையில் உறைமேல் அச்சிட்ட அளவுக்கு மருந்து உண்டா என்னும் இரு கேள்விகளுக்கும் நம் கண் விடை கூறாது. விடை கூறவல்ல கருவிகளுள் முக்கியமானது இந்த நிறமாலைமானி. அது எவ்வாறு விடை கூறுகிறது, எந்த நிபந்தனைகளின்பேரில் அந்த விடையை நம்பலாம் என்பவற்றை முறையாகக் காண்போம்.

முதலில் நிறம் என்பது யாது என்று பார்ப்போம். வெண்மையான சூரிய ஒளி பல நிறங்களின் கூட்டு என்பதை 1666ஆம் ஆண்டு வாக்கில் முப்பட்டகக் கண்ணாடியைக் கொண்டு ஆராய்ந்து காட்டியவர் ஐசக் நியூட்டன். அந்த வெள்ளொளி ஒரு கரைசலினூடே செல்லும்போது, சில நிறங்கள் அதனால் உட்கவரப்படுகின்றன. எஞ்சியவை வெளியேறி நம் கண்ணை அடைகின்றன. கிணறுகளில் போடும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கரைசல் நடுவிலுள்ள பச்சை ஒளியைப் பெரிதும் விழுங்கிவிடுகிறது. இரு ஓரங்களிலும் உள்ள சிவப்பும் ஊதாவும் தப்பி வருகின்றன. அவ்விரண்டும் கலந்ததே நாம் காணும் அந்தச் செந்நீல நிறம். ஆக, ஒரு பொருளின் நிறம் என்று நாம் கூறுவது, அது உண்டபின் எஞ்சிய மிச்சமேயாகும். அது எதை உண்டது, எவ்வளவு உண்டது என்று கணக்கெடுப்பதே நிறமாலைமானியின் தொழில்.

ஒளியின் ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் அலைநீளம் உண்டு. அதனை அளக்க நானோமீட்டர் என்னும் அலகைக் கையாளுகிறோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். ஊதாவின் 400 நானோமீட்டர் முதல் சிவப்பின் 700 நானோமீட்டர் வரை நம் கண்ணுக்கு ஏறத்தாழ எட்டும். பெர்மாங்கனேட் மிகுதியாக விழுங்கும் பச்சை ஒளி 525 நானோமீட்டரை ஒட்டியது. ஊதாவுக்கு அப்பாலும் ஒளி உண்டு என்பதை 1801ஆம் ஆண்டு ஜெர்மானிய விஞ்ஞானி ரிட்டர் கண்டறிந்தார். வெள்ளிக் குளோரைடு ஒளி பட்டால் கறுக்கும் இயல்புடையது. நிறமாலையின் ஊதா விளிம்பைத் தாண்டி, ஒளியே இல்லை எனத் தோன்றிய இடத்தில், அது மேலும் விரைவாகக் கறுத்ததை அவர் கவனித்தார். அந்தக் கண்காணா ஒளியே புற ஊதா. இன்றைய நிறமாலைமானிகள் இந்தப் பகுதியில் சுமார் 190 நானோமீட்டரில் தொடங்கி, கண்ணுக்குப் புலனாகும் பகுதி முழுவதையும் கடந்து செல்கின்றன. கண்ணுக்கு நீர்போல் நிறமற்றுத் தோன்றும் எத்தனையோ கரைசல்கள் புற ஊதாவில் அடர்ந்த நிறம் உடையன என்று கூறினால் அது மிகையாகாது.

பொருள்கள் ஒளியை ஏன் உட்கவர வேண்டும்? மூலக்கூறுகளில் உள்ள எலெக்ட்ரான்கள் படிக்கட்டில் நிற்பவை போல் குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளில் நிற்கின்றன. ஒரு படியிலிருந்து மேற்படிக்குத் தாவ எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, அவ்வளவு ஆற்றலைக் கொண்ட ஒளியையே அவை ஏற்றுக்கொள்ளும். மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி நீண்டு செல்லச் செல்ல இப்படிகளின் உயரம் குறைகிறது. உட்கவரும் ஒளியின் அலைநீளம் கூடுகிறது. கேரட்டிலும் பழுத்த மாம்பழத்திலும் முருங்கைக்கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினில் இவ்வாறு தொடர்ந்து வரும் இரட்டைப் பிணைப்புகள் பதினொன்று. ஆகவே அது 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை உண்டு, மஞ்சளும் செம்மையும் கலந்து தோன்றுகிறது. நம் உடல் அதனை இரண்டாகப் பிளந்து வைட்டமின் ஏ ஆக்கும்போது, தொடரில் ஐந்து இரட்டைப் பிணைப்புகளே எஞ்சுகின்றன. வைட்டமின் ஏ மிகுதியாக உட்கவரும் ஒளி 325 நானோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. அந்த ஒளி நம் கண்ணுக்கு அப்பாற்பட்டது. கேரட்டின் ஆழ்ந்த நிறம் அங்கே மறைந்துபோகிறது. ஆனால் கருவிக்கு அது மறைவதில்லை.

இனி அளவுக்கு வருவோம். டிகாஷனை அகன்ற டபராவில் மெல்லிய படலமாக ஊற்றினால் அடியிலுள்ள பித்தளை தெரிகிறது. அதே டிகாஷனை உயர்ந்த தம்ளரில் ஊற்றி மேலிருந்து நோக்கினால் கறுப்பாகத் தோன்றுகிறது. டிகாஷன் மாறவில்லை, ஒளி கடந்து செல்லும் ஆழமே மாறியது. இதனை முதலில் முறையாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு நாட்டின் பூகேர். அவருடைய நூல் 1729ஆம் ஆண்டு வெளிவந்தது. 1760ஆம் ஆண்டு லாம்பெர்ட் இதனைக் கணித விதியாக வகுத்தார். ஆழத்தை மாற்றாமல் டிகாஷனைத் திடமாக்கினாலும் இதே விளைவு ஏற்படும் அல்லவா? கரைந்துள்ள பொருளின் செறிவுக்கும் உட்கவரப்படும் ஒளிக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1852ஆம் ஆண்டு பீர் என்பவர் நிலைநாட்டினார். இன்று இவ்விரண்டையும் சேர்த்து பீர்-லாம்பெர்ட் விதி என்று வழங்குகிறோம்.

இந்த விதியில் ஒரு நுட்பம் உண்டு. கரைசலின் ஒரு சென்டிமீட்டர் ஆழம் தன்மீது விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வெளியே விடுகிறது என்று கொள்வோம். அடுத்த சென்டிமீட்டர் அந்தப் பத்தில் ஒன்றிலும் பத்தில் ஒன்றையே விடும். எனவே இரண்டு சென்டிமீட்டர் கடந்தபின் எஞ்சுவது நூற்றில் ஒரு பங்கு. மூன்று கடந்தபின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளி இவ்வாறு பத்துப் பத்தாகக் குறைந்து செல்வதை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி வைப்பதே உட்கவர் எண் ஆகும். பள்ளியில் நாம் பயின்ற மடக்கைக் கணக்கு இங்கே பயன்படுகிறது. பொருளின் செறிவு இரட்டித்தால் இந்த எண்ணும் இரட்டிக்கிறது. எனவே, ஒளியை அளந்து பொருளின் அளவை நேராகக் கூறிவிட முடிகிறது. இந்த ஒரு வசதியின்மேல்தான் இத்தொழில் முழுவதும் நிற்கிறது.

விதி தெரிந்தும், புற ஊதாவில் எளிதாக அளப்பதற்கு ஏற்ற கருவி வர நெடுங்காலம் ஆயிற்று. நிறமாலையைப் புகைப்படத் தகட்டில் பதித்து, அதன் கருமையை அளந்து, பின்னர் கணக்கிடுவது அந்நாளைய வழக்கம். 1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆர்னால்டு பெக்மன் நடத்திய நிறுவனம் குவார்ட்ஸ் முப்பட்டகமும் ஒளிமின் குழாயும் கொண்ட ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது உலகப் போர்க் காலம். மீன் ஈரல் எண்ணெய்களில் வைட்டமின் ஏ எவ்வளவு உண்டு என்று அறியவேண்டிய தேவை மிகுந்திருந்தது. அதற்கு முன்னர், வைட்டமின் குறைவால் நலிந்த எலிகளுக்கு அந்த எண்ணெயைக் கொடுத்து, அவை தேறி வளர்வதைப் பார்த்து அளவை மதிப்பிடுவார்கள். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதிய கருவியோ 325 நானோமீட்டரில் ஒளியைச் செலுத்தி, சில நிமிடங்களில் விடை கூறிற்று. ஒரு சோதனைக்கு வேண்டிய காலம் வாரங்களிலிருந்து நிமிடங்களாகக் குறைந்தால், ஒவ்வொரு பீப்பாய் எண்ணெயையும் சோதித்துப் பார்க்க வழி பிறக்கிறது. தரக்கட்டுப்பாடு என்று இன்று நாம் கூறுவது இத்தகைய விரைவினாலேயே சாத்தியமாயிற்று.

இன்றைய கருவியின் மூடியைத் திறந்து பார்ப்போமாக. உள்ளே இரண்டு விளக்குகள் இருக்கும். புற ஊதா ஒளிக்கு டியூட்டிரியம் விளக்கு. கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கு டங்ஸ்டன் இழை விளக்கு. அவற்றின் ஒளி, நெருக்கமாகக் கோடுகள் வரைந்த கீற்றணி என்னும் தகட்டில் பட்டு நிறவாரியாகப் பிரிகிறது. குறுகிய ஒரு பிளவு, நாம் வேண்டும் நிறத்தை மட்டும் அனுமதிக்கிறது. அந்த ஒளி கரைசலைக் கடந்து, மறுபுறம் உள்ள உணர்கருவியில் விழுந்து மின்னோட்டமாக மாறுகிறது. கரைசலை வைக்கும் சிறு சதுரப் பாத்திரத்திற்குக் குவெட் என்று பெயர். அதன் உள்ளகலம் வழக்கமாக ஒரு சென்டிமீட்டர். சாதாரணக் கண்ணாடி புற ஊதா ஒளியைத் தானே விழுங்கிவிடுமாதலால், அப்பகுதியில் அளக்கும்போது குவார்ட்ஸால் செய்த குவெட்டையே பயன்படுத்த வேண்டும். அதன் இரு பக்கங்கள் பளிங்குபோல் தெளிந்தும், மற்ற இரு பக்கங்கள் மங்கலாகவும் இருக்கும். மங்கலான பக்கத்தைப் பிடித்தே அதனை எடுக்க வேண்டும் என்பது இத்தொழிலில் முதல் நாள் கற்பிக்கப்படும் பாடம்.

இந்தக் கருவி எதையும் தனித்து அளப்பதில்லை. எப்போதும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டே கூறுகிறது. ஆய்வுக்குரிய பொருள் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் அடங்கிய கரைசலுக்கு வெற்றுக் கரைசல் என்று பெயர். முதலில் அதனை வைத்து, அது கடந்துவரும் ஒளியை முழு ஒளியாகக் கொள்கிறோம். பின்னர் ஆய்வுக் கரைசலை வைத்து, குறைந்த ஒளியைக் காண்கிறோம். தராசில் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு நெய்யை நிறுப்பது போன்றது இது. பாத்திரத்தின் எடையைக் கூட்டியோ குறைத்தோ வைத்தால், தராசு எவ்வளவு உயர்ந்ததாயினும் நிறுவை பிழைபடும்.

இதன் பொருளை ஒரு மாத்திரையைக் கொண்டு விளக்குவோம். காய்ச்சலுக்கு நாம் வாங்கும் பாரசிட்டமால் மாத்திரையைச் சோதிப்பதற்கு மருந்து நூல்களில் நெடுங்காலம் இடம்பெற்ற முறை ஒன்று உண்டு. இருபது மாத்திரைகளை நிறுத்துப் பொடியாக்குகிறார்கள். 0.15 கிராம் மருந்து இருக்கவேண்டிய அளவு பொடியை எடுத்து, சோடியம் ஹைடிராக்சைடு கலந்த நீரில் குலுக்கிக் கரைத்து 200 மில்லிலிட்டராக்குகிறார்கள். வடிகட்டிய பின் அதிலிருந்து 10 மில்லிலிட்டரை 100 ஆக்கி, மீண்டும் அதில் 10 மில்லிலிட்டரை 100 ஆக்குகிறார்கள். இறுதியில் ஒரு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் என்னும் அளவில் மருந்து கரைந்திருக்கும். பார்வைக்கு அது வெறும் தண்ணீர்தான். ஆனால் 257 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அதன் உட்கவர் எண் 0.536 ஆக இருக்க வேண்டும். அதாவது, நூறு பங்கு ஒளி உட்சென்றால் சுமார் 29 பங்கே வெளிவர வேண்டும். உறையில் குறித்த அளவில் 95 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 105 விழுக்காட்டுக்கு மிகாமலும் மருந்து இருந்தால் மாத்திரை தேறியதாகக் கொள்ளப்படும். எண்ணில் கூறினால், 0.509க்கும் 0.563க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது ஒரு குறையுள்ள மாத்திரையைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் மருந்து 90 விழுக்காடே உள்ளது. நேர்மையாக அளந்தால் கருவி 0.483 என்று காட்டும், மாத்திரை தோற்றுவிடும். ஆனால் குவெட்டின் தெளிந்த பக்கத்தில் சோதிப்பவரின் விரல் பட்டு, அந்த எண்ணெய்ப் பசை 0.03 அளவு ஒளியைத் தானும் உண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி 0.513 என்று காட்டும். குறையுள்ள மாத்திரை தேறிவிடும். அது நோயாளியின் வீட்டுக்குச் செல்லும். அதே விரற்சுவடு வெற்றுக் கரைசலின் குவெட்டில் பட்டிருந்தால் நிலைமை தலைகீழாகிறது. முழு மருந்தும் அடங்கிய நல்ல மாத்திரை 0.506 என்று காட்டித் தோற்றுப்போகும். நேர்மையாகத் தொழில் நடத்துபவர் குற்றவாளியாவார். இரண்டு இடங்களிலும் கருவி பொய் கூறவில்லை. தன் வழியில் வந்த ஒளியை அது சரியாகவே எண்ணிற்று. எந்த ஒளியை அதற்கு அனுப்பினோம் என்பதே கேள்வி. மெல்லிய துணியால் குவெட்டைத் துடைக்கும் அந்தச் சிறு செயலில் ஒரு நோயாளியின் நலமும் ஒரு தொழிலாளியின் மானமும் அடங்கியிருக்கின்றன.

இனித் தண்ணீருக்கு வருவோம். வயல்களில் மிகையாக இட்ட உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் நைட்ரேட் என்னும் பொருள் நிலத்தடி நீரில் இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமும் இல்லை, காய்ச்சினாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். பச்சிளங் குழந்தைக்கு அத்தகைய நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, குழந்தை நீலம் பாரிக்கக்கூடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

நைட்ரேட் 220 நானோமீட்டர் புற ஊதா ஒளியை நன்கு உட்கவரும். எனவே தெளிந்த நீரை வடிகட்டி, சிறிது ஹைடிரோகுளோரிக் அமிலம் சேர்த்து, அந்த ஒளியில் அளக்கிறார்கள். இங்கே ஓர் இடையூறு உண்டு. அழுகிய இலைதழைகளிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வந்த கரிமப் பொருள்களும் அதே 220 நானோமீட்டரில் ஒளியை உண்ணும். கருவிக்கு இரண்டும் ஒன்றே. இதனைத் தீர்க்க ஓர் எளிய உபாயம் கையாளப்படுகிறது. 275 நானோமீட்டரில் நைட்ரேட் ஒளியை உண்பதில்லை. கரிமப் பொருளோ அங்கும் உண்ணும். ஆகவே அங்கும் ஒரு முறை அளந்து, அந்த எண்ணை இரு மடங்காக்கி, முதல் எண்ணிலிருந்து கழிக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, 220 நானோமீட்டரில் 0.450 என்றும் 275 நானோமீட்டரில் 0.015 என்றும் வந்தால், நைட்ரேட்டுக்கு உரியது 0.420 ஆகும். கழிக்கவேண்டிய பங்கு முதல் எண்ணில் பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டால், அந்த நீருக்கு இந்த முறையே ஆகாது என்று விட்டுவிட்டு வேறு முறையை நாட வேண்டும். தனக்கு எல்லை எது என்பதைத் தானே கூறும் முறையே நல்ல முறை. கலங்கல் நீரில் மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடித்து, உட்கவர்ந்ததுபோல் தோற்றம் காட்டும் என்பதனாலேயே முன்னதாக வடிகட்டுகிறார்கள்.

எத்தகைய முறையாயினும், அளவு தெரிந்த நியமக் கரைசல்கள் சிலவற்றை முதலில் தயாரித்து, ஒவ்வொன்றின் உட்கவர் எண்ணையும் வரைபடத்தில் குறித்து, அவை ஒரே நேர்கோட்டில் விழுகின்றனவா என்று பார்ப்பது இன்றியமையாதது. நைட்ரேட் முறையில் இந்தக் கோடு லிட்டருக்கு ஏறத்தாழ 49 மில்லிகிராம் வரையிலேயே நேராகச் செல்லும். அதற்கு மேற்பட்ட நீரை நீர்க்கச் செய்துதான் அளக்க வேண்டும்.

செறிவு மிகுந்த கரைசலில் நேரும் இடர் ஒன்றையும் இங்கே கூறலாம். ஒரு கரைசலின் உண்மையான உட்கவர் எண் 3 என்று கொள்வோம். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியே அதனைக் கடந்து வரும். கருவிக்குள் எங்கோ சிதறிய வேற்று ஒளி ஆயிரத்தில் இன்னொரு பங்கு உணர்கருவியை அடைந்தால், வந்தது இரு பங்கு என்று கருவி எண்ணி, 2.7 என்று காட்டும். பொருளின் அளவில் பத்தில் ஒரு பங்கு காணாமற் போயிற்று. இருண்ட அறையில் சாவித்துவாரத்தின் வழியே வரும் ஒளியும் பெரிதாகத் தோன்றும் அல்லவா? ஆகையால் அனுபவமுள்ளோர் கரைசலைத் தக்கவாறு நீர்க்கச் செய்து, உட்கவர் எண் 0.2க்கும் 0.8க்கும் இடையே விழும்படி பார்த்துக்கொள்வர்.

கருவியையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். ஹோல்மியம் என்னும் தனிமத்தின் கரைசல் 241, 287, 361, 536 நானோமீட்டர் ஆகியவற்றை ஒட்டிய இடங்களில் கூரிய முகடுகளைக் காட்டும். கருவியும் அவ்விடங்களிலேயே காட்டுகிறதா என்று பார்த்தால் அலைநீளம் சரியா என்பது தெரியும். உட்கவர் எண் சரியா என்பதைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலைக் கொண்டு அறிகிறார்கள். கடைத்தெருவின் தராசுக்கு முத்திரை வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதுபோல், சோதனைச்சாலையின் ஒளித் தராசுக்கும் இந்த முத்திரை வேண்டும்.

இத்தனை செய்தும் இக்கருவி கூற இயலாதது ஒன்று உண்டு. கரைசல்களில் மூலக்கூறுகளின் உட்கவர்தல் அகன்ற மேடுகளாகவே அமைவதால், அருகருகே உள்ள இரு பொருள்களைப் பிரித்தறிவது கடினம். 257 நானோமீட்டரில் ஒளி குறைந்தது என்றால், அங்கே ஒளியை உண்ணும் ஏதோ இருக்கிறது என்பதே பொருள். அது பாரசிட்டமால்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். ஆகவே இந்நாளில் கலவையை முதலில் நீண்ட குழாயினூடே செலுத்தி, பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதன்பின் ஒவ்வொன்றையும் புற ஊதா ஒளியால் அளக்கும் முறை பெருவழக்காகியுள்ளது. அங்கும் இறுதியில் எண்ணுவது இதே ஒளிதான். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைக் காண 540 நானோமீட்டரும், உயிர்களின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வை அளக்க 260 நானோமீட்டரும் உலகெங்கும் சோதனைச்சாலைகளில் நாள்தோறும் பயன்படுகின்றன.

நிறத்தின் இரசாயனத்தில் தமிழ்நாட்டிலிருந்து வெளியே சென்று உழைத்த இருவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். சென்னையில் 1901ஆம் ஆண்டு பிறந்த கே. வெங்கடராமன், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் தொழில்நுட்பத் துறைக்கும், பின்னர் 1957ஆம் ஆண்டு முதல் புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆராய்ச்சிச்சாலைக்கும் இயக்குநராக விளங்கினார். செயற்கைச் சாயங்களின் இரசாயனம் பற்றி 1952ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் அத்துறையில் உலகப் புகழ் பெற்றது. குளித்தலையில் 1900ஆம் ஆண்டு பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, வால்டேரிலும், 1949ஆம் ஆண்டு முதல் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, நம் நாட்டுச் செடிகொடிகளின் நிறப் பொருள்களை ஆராய்ந்தார். அவர் ஆராய்ந்த பிளேவனாய்டு என்னும் இனத்துப் பொருள்கள் புற ஊதாவில் பொதுவாக இரண்டு மேடுகளைக் காட்டும்; அம்மேடுகள் நிற்கும் இடத்தைக் கொண்டே மூலக்கூறின் அமைப்பை ஊகிக்க முடிகிறது. இன்றும் மருந்துத் தொழிற்சாலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் நீர்ச் சோதனை நிலையங்களிலும், நம்மவர் பலர் இந்தக் கருவியின் முன் அமர்ந்து உழைத்து வருகின்றனர். அவர்கள் செய்வது எத்தகைய வேலை என்பதை அவர்களுடைய வீட்டாரும் அறிந்திருப்பது நன்று.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. கருவி காட்டும் எண்ணையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. வெற்றுக் கரைசலை வைத்தார்களா, நியமக் கரைசல்கள் நேர்கோட்டில் விழுந்தனவா, குவெட்டைத் துடைத்தார்களா, கழிக்க வேண்டியதைக் கழித்தார்களா என்னும் கேள்விகளே அந்தத் தீர விசாரிப்பது ஆகும். அவை நிறைவேறிய பின்னரே எண்ணுக்கு மதிப்பு உண்டாகிறது.

சோதனைச்சாலைக்குள் செல்லாத நமக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. குடியிருப்பின் கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ சோதித்து அறிக்கை வாங்கும்போது, ‘நீர் நன்று’ என்னும் ஒரு சொல்லோடு மனநிறைவு கொள்ளலாகாது. எந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம், அனுமதிக்கப்பட்ட எல்லை எவ்வளவு, எந்த முறையில் அளந்தார்கள், நீரை எந்த நாளில் எந்த இடத்தில் எடுத்தார்கள் என்னும் நான்கினையும் கேட்டுப் பெற வேண்டும். மழைக்கு முன் எடுத்த நீரும் மழைக்குப் பின் எடுத்த நீரும் ஒன்றாக இரா. ஆதலால் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மீண்டும் சோதிக்க வேண்டும். பல மாநிலத்தவரும் கலந்து வாழும் குடியிருப்புகளில், இந்தக் கேள்விகளைக் கேட்கும் முதல் குரல் நம்முடையதாக இருக்கட்டும். தம்ளரில் பிடித்த நீரை வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கத்தை நாம் விடவேண்டியதில்லை. அந்த வெளிச்சத்திற்கு எட்டாததும் உண்டு என்பதை அறிந்து பார்த்தால் போதும்.